கும்பத்துக்குப் போன ஆய்வுகூடத் தண்ணீர்

ஆய்வுகூடத்துக்குள் பக்தியைக் கொண்டுவரக் கூடாது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் நான் வாசித்திருப்பேன். வாசித்திருந்தால் இன்றைக்கு என் பெயருக்கு முன்னால், பி.எச்.டி. முடித்தவர்களுக்குப் போடும் 'கலாநிதி' என்ற சொல் வந்து குந்தியிருக்காது. ஆகவே என் வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றியில் என் அறிவைவிட என் அறியாமைக்கே பங்கு அதிகம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். (வேறு யாரும் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்வது மரியாதை. அம்மா எப்படியும் சொல்லத்தான் போகிறா.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வெள்ளவத்தையில் நாலாம் மாடி ஃபிளாட் ஒன்றில் அப்பா அம்மாவோடு இருந்தேன். கொழும்பிலேயே ஒரு ஆய்வு நிறுவனத்தில் எம்.பில். மாணவி. வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நடக்கும்போது நாடே என்னை நம்பியிருக்கிறது என்று நினைப்பு. உண்மையில் என்னை நம்பியிருந்தவை தட்டில் வளர்ந்த கொஞ்ச இதயக் கலங்கள், அதாவது செல்கள்தான். அவையும் வாராவாரம் பாதி செத்துக்கொண்டிருந்தன.

இதயத்தை நான் சும்மா பிடித்துக்கொள்ளவில்லை. அப்பா ஒருமுறை மாரடைப்பு வந்து தப்பியவர். காயம் ஆறும்போது தோலில் தழும்பு விழுவது போல இதயத் தசையிலும் விழும். தோலில் விழுந்தால் அழகு கெடும், அவ்வளவுதான். இதயத்தில் விழுந்தால் அந்த இடம் இறுகிப்போய், அடிப்பதற்கே இதயம் பாடுபடும். அப்பா நாலு மாடி ஏறிவந்து கதவடியில் நின்று மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு நாளும் நான் ஆய்வுகூடத்துக்குப் போனேன். எனக்குக் கோபம் அந்தத் தழும்பின் மேல்.

தழும்பை வளர்க்கச் சொல்லிக் கட்டளை போடுபவை இரண்டு புரதங்கள். தனித்தனியே இருந்தால் பரம சாதுக்கள். ஒட்டிக்கொண்டால்தான் வில்லங்கம். அவற்றை ஒட்டவைப்பது யார் என்பதுதான் எங்கள் கேள்வி, எங்கள் சந்தேகம் ஒரு ஆர்.என்.ஏ. மேல். வழக்கமாக ஆர்.என்.ஏ. என்றால் ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பைச் சுமந்துகொண்டு திரியும். இந்த வகை அப்படி ஒரு குறிப்பையும் சுமப்பதில்லை. இவற்றை ஒரு காலத்தில் குப்பை என்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

"ஒண்டும் செய்யாத சாமானையோ ரெண்டு வரியமா ஆராயிறாய்?" என்று அம்மா ஒருநாள் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டு கேட்டா.

"அம்மா, கலியாணப் புரோக்கரோ கலியாணம் கட்டுறவர்? ரெண்டு பகுதியையும் கொண்டந்து ஒரு மேசையில இருத்தி விடுறதுதானே அவரின்ர வேலை. இதுவும் அப்பிடித்தான். தான் ஒரு புரதமும் செய்யாது. மற்ற ரெண்டையும் சேர்த்து வைக்கும்."

அம்மா வெட்டுவதை நிறுத்தினா. எங்கள் சொந்தத்தில் மூன்று சம்பந்தங்களைக் கெடுத்த ஒரு புரோக்கர் அம்மாவின் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"அப்ப இது கூடாத சம்பந்தம் பேசுற புரோக்கர்."

"ஓம்."

"அப்ப ஆளைப் பிடி."

என் ஆய்வு முன்மொழிவு நாற்பது பக்கம். அம்மா மூன்றே சொல்லில் முடித்துவிட்டா.

ஆளைப் பிடிக்கும் வேலையும் கேட்பதற்குச் சுகமாகத்தான் இருக்கும். கலங்களை உடைத்து, முதல் புரதத்தைத் தூண்டில் போட்டு இழுப்பது. இரண்டாவது புரதமும் கூட வந்தால் படச்சுருளில் ஒரு கறுப்புக் கோடு விழும். வராவிட்டால் அந்த இடம் வெறுமை. முதல் தரம் செய்தேன், கோடு விழுந்தது. இரண்டாம் தரமும் விழுந்தது. மூன்றாம் தரமும் விழுந்துவிட்டால் நேர்முகத்துக்குப் போகலாம்.

அந்த நேர்முகத்தில்தான் என் தலையெழுத்து இருந்தது. எம்.பில். படிப்பைப் பி.எச்.டி.யாக உயர்த்துவதா இல்லையா என்று மூன்று பேர் தீர்மானிப்பார்கள். இல்லை என்றால் படிப்பு அதோடு சரி. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு ஒரு வேலை தயாராக இருந்தது. அம்மாவின் பார்வையில் அந்த வேலைக்கு ஒரு பெருஞ்சிறப்பு, நடந்து போகலாம். "இந்த முறை சரிவராட்டி வேலைக்குப் போறன்" என்று நானே வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்குக் கொடுப்பதில் அந்த வயதில் என்னை யாரும் வென்றதில்லை.

இந்த இடத்தில் ஒரு எதிரியை அறிமுகப்படுத்த வேண்டும். ஆர்.என்.ஏ.யைத் தின்னும் நொதியம் ஒன்று இருக்கிறது. அது நம் விரலில், வியர்வையில், எச்சிலில் எல்லாம் இருக்கும். வெறுங்கையால் ஒரு குழாயின் மூடியைத் தொட்டாலே போதும், உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ. தூள் தூளாகிவிடும். அதனால் எங்கள் ஆய்வுகூடத்தின் ஆசாரம் எந்தக் கோயிலையும் விஞ்சும். கையுறை, முகமூடி, ஆளுக்கொரு போத்தல். அந்த நொதியம் துளியும் இல்லாத விசேட தண்ணீர் வெளிநாட்டிலிருந்து வரும். கேட்டு மூன்று மாதத்துக்குப் பிறகு வரும். என்னுடைய போத்தலில் 'வாசுகியுடையது, தொடாதே' என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருந்தேன்.

அந்த வருடம் கல்விக்கடவுளுக்கு எடுக்கும் வாணி விழா நேர்முகத்துக்கு ஒரு வாரம் முன்னால் வந்தது. நிறுவனத்தில் ஒவ்வொரு வருடமும் செய்வது வழக்கம். எங்கள் மாடியில் சைவப் பிள்ளை நான் ஒருத்திதான் என்பதால் பொறுப்பு முழுவதும் என் தலையில். என் மேற்பார்வையாளர் ரிஸானா மெடம் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகும் அவசரத்திலும், "நல்லா செய்ங்க புள்ள, போன வருஷம் அவல் பத்தல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆய்வுகூடத்தின் தொழில்நுட்ப உதவியாளர் அன்ரன் அண்ணை, கொட்டாஞ்சேனைக்காரர், ஞாயிறு பூசை தவறாத கத்தோலிக்கர். அவர் வீட்டில் அவித்த கடலை ஒரு பெரிய வாளி நிறைய வந்தது. பூவும் மாவிலையும் அவர்தான் கொண்டுவந்தார்.

எல்லாம் சரி, கும்பத்துக்குத் தண்ணீர் இல்லை. குழாயைத் திறந்தால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. ரோட்டில் எங்கோ குழாய் வெட்டிப் போட்டிருந்தார்கள்.

"தங்கச்சி, கடையில போய் ஒரு தண்ணி போத்தல் வாங்கிட்டு வரவா?" என்று அன்ரன் அண்ணை கேட்டார்.

அவர் கேட்டபோது நான் 'ஓம்' என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு 'ஓம்'. ஆனால் எனக்குள் இருந்த பக்தையும் விஞ்ஞானியும் அன்றைக்கு முதன்முதலாகக் கைகோத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள்.

"வேண்டாம் அண்ணை. என்னட்ட அதைவிடச் சுத்தமான தண்ணி இருக்கு."

கல்விக்கடவுளுக்கு, கொழும்பிலேயே ஆகச் சுத்தமான தண்ணீர். இதைவிடப் பொருத்தம் வேறு எங்கே கிடைக்கும்? போத்தலில் இருந்த முழுவதையும் பித்தளைச் செம்பில் ஊற்றினேன். வெறுங்கையால் மாவிலை செருகி, தேங்காய் வைத்து, சந்தனமும் குங்குமமும் சாத்தினேன். கையுறை போட்டுக்கொண்டு பூசை செய்தால் சாமி என்ன நினைக்கும்? பூசை முடிந்ததும் மாவிலையால் தொட்டு எல்லோர் தலையிலும் தீர்த்தம் தெளித்தேன். நிறுவனத் தலைவரான பணிப்பாளர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். அன்ரன் அண்ணை சிலுவை போட்டுக்கொண்டு வாங்கினார். அன்றைக்கு நிறுவனத்தில் என்னைவிடப் பெருமையாக நடந்தவர் யாரும் இல்லை.

அடுத்த நாள் செம்பைக் கழுவப் போனேன். முக்கால் செம்பு தண்ணீர் அப்படியே இருந்தது. வீட்டில் என்றால் அம்மா துளசிக்கு ஊற்றிவிடுவா. எனக்கு மனம் வரவில்லை. மூன்று மாதம் காத்திருந்து வந்த தண்ணீர், மூன்றாம் பரிசோதனை நாளைக்கு, வேறு போத்தல் கிடையாது. யோசித்தேன். (நான் யோசித்தேன் என்று எழுதும் இடங்களில் எல்லாம் வாசகர் கொஞ்சம் பயப்படலாம்.) வடிதாளில் வடித்தேன். பிறகு ஓட்டோகிளேவ் என்று எங்களிடம் இருக்கும் பெரிய பிரஷர் குக்கரில் வைத்து, நல்ல அமுக்கத்தில் கொதிக்க வைத்தேன். கிருமி எல்லாம் செத்துவிடும் அல்லவா? செத்துவிட்டது, உண்மை. ஆனால் அந்த நொதியம் கிருமி இல்லை. அதைக் கொதிக்க வைத்தாலும் ஆறியதும் எழுந்து உட்கார்ந்து, சாப்பாடு எங்கே என்று கேட்கும். முதலாம் வருட மாணவருக்கே தெரிந்த விஷயம் இது. எனக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் ஞாபகம் வரவில்லை.

தண்ணீரைப் பழையபடி போத்தலில் ஊற்றி, அதில் கரைசல்கள் செய்து, மூன்றாம் பரிசோதனையை முடித்தேன். படச்சுருளைத் தூக்கிப் பார்த்தேன். முதல் புரதம் கம்பீரமாக நின்றது. இரண்டாவது இருக்க வேண்டிய இடம் துடைத்து வைத்தது போல வெறுமை.

நேர்முகத்துக்கு மூன்று நாள். திரும்பச் செய்வதற்குப் புதிய கலங்கள் வளர ஒரு வாரம் வேண்டும். என் இரண்டு வருட வேலையும் பொய் என்று எனக்குத் தோன்றியது. முதல் இரண்டு கோடும் ஏதோ தற்செயல், புரோக்கர் என்று ஒருவரே இல்லை, நான் சும்மா ஒரு கதை கட்டியிருக்கிறேன். கதிரையில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். அன்ரன் அண்ணை வந்து என் மேசையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அதுதான். தண்ணீர்ப் போத்தல் மூடாமல் இருந்தது. மூடப் போனவர் நின்று, மூக்கருகே கொண்டுபோனார்.

"என்ன தங்கச்சி, ஒங்க தண்ணி கோயில் மாதிரி மணக்குது?"

சந்தனம். அழுகை அந்த இடத்திலேயே நின்றது. ஓடிப்போய், மிச்சம் இருந்த மாதிரியில் ஆர்.என்.ஏ. இருக்கிறதா என்று சோதித்தேன். மருந்துக்கும் இல்லை. நான் விழுந்து விழுந்து தேடிய புரோக்கரை நானே கும்பத் தண்ணீர் ஊற்றிக் கொன்றிருந்தேன்.

இப்போது எனக்குக் காரணம் தெரியும். ஆனால் அதை எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? வீட்டில் சொன்னேன். அம்மா சாமிப்படத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "ரெண்டு தரம் சரியா வந்ததுதானே. அதை மட்டும் காட்டு. ஆரும் கேட்டால் கரண்ட் நிண்டது எண்டு சொல்லு" என்றா. மின்வெட்டுக் காலம் அது. எல்லாத் தவறுக்கும் நாடு பூராவும் அதே காரணத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. மூன்றாம் படச்சுருளைக் கோப்பின் ஆகக் கடைசியில் ஒளித்துவைத்தேன்.

நேர்முக நாள் அம்மாவின் மாம்பழ நிறச் சீலையில் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் பணிப்பாளர். விமான நிலையத்திலிருந்து நேரே வந்து, கண் சிவந்திருந்த ரிஸானா மெடம். மூன்றாமவர் வெளியிலிருந்து வந்த பரீட்சகர், ஓய்வுபெற்ற சிங்களப் பேராசிரியர் ரணவீர. அவர் முன்னால் பேசிய பல பேர் வாயடைத்துப் போனதாகக் கேள்வி. ஆங்கிலத்தில் என் கதையைச் சொன்னேன். கலியாணப் புரோக்கரையும் விடவில்லை. அவர் தலையாட்டியபோது எனக்கு நம்பிக்கை வந்தது. அப்போதுதான் அவர் கேட்டார்.

"இரண்டு தரம்தான் காட்டியிருக்கிறாய். மூன்றாவது எங்கே?"

"அன்றைக்கு மின்வெட்டு, சேர்."

"இந்தக் கட்டடத்துக்கு ஜெனரேட்டர் போட்டது நான். நான் இங்கே பணிப்பாளராக இருந்தபோது."

இப்போதைய பணிப்பாளர் ஆமாம் என்பது போலத் தலையாட்டினார். எங்களுடையது தொடங்கினால் நிறுத்தத் தெரியாத குடும்பம். வாயைத் திறந்தேன், எல்லாம் வந்து கொட்டியது. தேத்தண்ணி நிறக் குழாய்த் தண்ணீர், செம்பு, மாவிலை, தேங்காய், சந்தனம், குங்குமம், தீர்த்தம், வடிதாள், ஓட்டோகிளேவ். தீர்த்தம் என்றபோது பணிப்பாளர் தன்னையறியாமல் உச்சந்தலையைத் தடவிப் பார்த்தார். ரிஸானா மெடம் நெற்றியில் கைவைத்தவர் எடுக்கவே இல்லை. கடைசியில், "பொய் சொன்னதுக்கு மன்னிக்க வேணும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தேன்.

பேராசிரியர் ரணவீர மேசைக்கு மேலால் எட்டி, முதன்முறையாகச் சிங்களத்தில் பேசினார்.

"துவ, ஐ அண்டன்னே?"

மகளே, ஏன் அழுகிறாய். அவ்வளவு மென்மையாக யாரும் கேட்டால் இன்னும்தானே அழுகை வரும். அவர் அது ஓயும்வரை இருந்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் படச்சுருள் இருக்கிறதா?"

கோப்பின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"இரண்டாவது புரதம் கலத்தில் இல்லாமல் போயிற்றா?"

"இல்லை சேர். உடைத்த கலத்தில் இருக்கு. பழுதாகவும் இல்லை. முதலாவதோட சேர்ந்து வரேல்லை, அவ்வளவுதான்."

"ஆர்.என்.ஏ.?"

"அதுதான் செத்துப் போச்சு, சேர்."

"ஆர்.என்.ஏ. இருந்தபோது இரண்டும் சேர்ந்து வந்தன. அது போனதும் பிரிந்துவிட்டன. புரதங்களுக்கு ஒரு சேதமும் இல்லை. நீ நிரூபிக்க வந்தது என்ன?"

"அந்த ஆர்.என்.ஏ.தான் ரெண்டையும் சேர்த்து வைக்..."

அந்த வசனத்தை நான் முடிக்கவில்லை. நடு வசனத்தில் எனக்கு விளங்கிவிட்டது. புரோக்கரை அப்புறப்படுத்தினால் சம்பந்தம் முறிய வேண்டும். முறிந்திருந்தது. நான் மூன்று நாளாக மூடி மறைத்ததுதான் என்னிடம் இருந்த ஆகப் பெரிய சாட்சி.

ரிஸானா மெடம் நெற்றியிலிருந்து கையை எடுத்தார். "ஆறு மாசத்துக்கு முந்தி ஒங்கட நோட் புக்ல நானே எழுதி வச்சேன் புள்ள, அந்த நொதியத்த வேணுமெண்டே போட்டு ஒரு கொன்ட்ரோல் செஞ்சு பாருங்கண்டு. செஞ்சீங்களா?"

செய்யவில்லை. அந்த நொதியத்தை எங்கள் ஆய்வுகூட வாசலுக்குள் எடுக்கவே எனக்குப் பயம். ஒப்பிட்டுப் பார்க்கச் செய்ய வேண்டிய அந்தச் சோதனையை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இரண்டு வருடம் ஆர்.என்.ஏ. படித்தவளின் அறிவு அவ்வளவுதான்.

பேராசிரியர் ரணவீர சும்மா தட்டிக்கொடுத்து அனுப்புகிற ஆள் இல்லை. "தற்செயலாக நடந்ததை நான் ஏற்கமாட்டேன். வேறு அறையில், அளந்து போட்ட நொதியத்தோடு, மூன்று தரம் செய். பிறகு ஆய்வுகூடத்தில் செய்த ஆர்.என்.ஏ.யைத் திரும்பப் போட்டு, புரதங்கள் மறுபடி சேருகின்றனவா என்று காட்டு. ஆறு வாரம் தருகிறேன்" என்றார். எழும்பும்போது, "அடுத்த கும்பத்துக்குக் கடைத் தண்ணீரை வை" என்றும் சொன்னார். அது பகிடியா கட்டளையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த ஆறு வாரத்தைப் போல நான் என் வாழ்நாளில் உழைத்ததில்லை. மாடியின் மற்ற மூலையில் ஒரு பழைய களஞ்சிய அறையை அன்ரன் அண்ணை எனக்குத் துப்புரவாக்கித் தந்தார். நொதியம் போட்டேன், இரண்டாவது கோடு மறைந்தது. மறுபடி போட்டேன், மறைந்தது. மூன்றாம் தரமும் மறைந்தது. பிறகு புதிதாகச் செய்த ஆர்.என்.ஏ.யைத் திரும்ப விட்டுப் பார்த்தேன். வெறுமையாகக் கிடந்த இடத்தில் கறுப்புக் கோடு சாவகாசமாக வந்து உட்கார்ந்தது. நான் அந்த அறையில் தனியே நின்று கைதட்டினேன். சத்தம் கேட்டு வந்த அன்ரன் அண்ணை என்ன ஏது என்று கேட்காமல் தானும் தட்டினார். ஆளைப் பிடித்துவிட்டோம். கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம். அந்தச் சந்தோசத்துக்கு ஈடாக எனக்கு இன்றுவரை ஒன்றும் கிடைத்ததில்லை.

பி.எச்.டி.க்கு உயர்த்தியாயிற்று என்று கடிதம் வந்த பின்னேரம் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். காலி வீதிக் கடையில் வடை வாங்கிக்கொண்டு, நாலு மாடியும் ஏறி வந்து, கதவடியில் மூச்சு வாங்கியபடி பொட்டலத்தை நீட்டினார். "டொக்டருக்கு" என்றார். அவர் நெஞ்சில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. அதைக் கரைக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் அதை வளர்க்கிறவரின் முகம் இப்போது எங்களுக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கும்போது, "உன்ர புரோக்கர் இண்டைக்கு நல்ல பிஸி" என்று எனக்குச் சொல்லிவிட்டு ஏறுவார்.

அம்மாவோ கதையைத் தன் பாட்டுக்கு வளர்த்துக்கொண்டுவிட்டா. வெள்ளவத்தைச் சந்தையிலும் கோயில் வரிசையிலும் அகப்பட்டவர்களிடம் எல்லாம் சொல்லி, இப்போது அம்மாவின் கதையில் அந்தப் பரிசோதனையைச் செய்தது நான் இல்லை. என் முதல் ஆய்வுக் கட்டுரை அச்சில் வந்த நாள், தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலே இருந்த பெயர்களில் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தா. என்னுடையது, ரிஸானா மெடத்துடையது, பேராசிரியர் ரணவீரவுடையது. கடைசி மட்டும் போய், திரும்ப முதலில் இருந்து வாசித்தா.

"எல்லாரையும் போட்டிருக்கிறாய். முக்கியமான ஆளை விட்டிட்டாய்."

"ஆர் அம்மா? அன்ரன் அண்ணைக்குக் கீழ நன்றி சொல்லியிருக்கிறன்."

அம்மா சாமி அறைப் பக்கம் தலையைத் திருப்பினா. வெள்ளைச் சீலையோடு வீணையும் கையுமாகப் படத்தில் அவ இருந்தா.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்பிடிப் போடேலாதம்மா. பேர் வாற ஒவ்வொருத்தரும் கட்டுரையை வாசிச்சு, சம்மதம் எண்டு எழுதித் தரவேணும். அதுதான் விதி."

"அவ சம்மதிக்காமலோ உன்ர மூண்டாவது தரம் பழுதானது?" என்றா அம்மா.

அதற்குப் பிறகு எனக்கு ஏழு கட்டுரைகள் வந்துவிட்டன. பரீட்சகர்கள் கேட்ட எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு கட்டுரை வரும்போதும் அம்மா விரலை வைத்துப் பெயர்களை எண்ணி முடித்து, "இந்த முறையும் விட்டிட்டாய்" என்று சொல்லித் தாளைச் சாமி அறையில் கொண்டுபோய் வைக்கிறா.